ஏழாம் எண் பேருந்து நிற்கும் இடங்கள்

கண்டக்டரம்மாவை அடக்கம் செய்த மறு திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பதுக்கு, ஏழாம் எண் பேருந்து தண்ணீர்த் தொட்டி எதிரே தானாக நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. இன்ஜின் ஓடியது, கியர் விழுந்தது, டீசல் இருந்தது. சக்கரம் மட்டும் சுற்றவில்லை. டிரைவரம்மா இறங்கி டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயணிகள் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தத் தொட்டிக்குப் பின்னால், ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு ஆண்கள், ஒரு தபால்காரரும் ஒரு ஹோட்டல் காசாளரும், ஞாயிறுதோறும் சந்தித்துவந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் காசாளரை அவருடைய அண்ணன்கள் வீட்டில் பூட்டிவைத்தார்கள். தபால்காரர் தினம் ஒரு கடிதம் தானே எழுதி, தானே தபால்தலை ஒட்டி, தானே அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அரசாங்கத் தபாலைத் தடுக்க அண்ணன்களுக்குத் தைரியம் வரவில்லை. சொல்லி முடித்ததும் பின்னால் இரட்டை விசில் கேட்டது. பேருந்து கிளம்பியது. புதுக் கண்டக்டர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். விசில் உள்ளேதான் இருந்தது.

இறந்தவரும் டிரைவரம்மாவும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வண்டியில் ஓடி, ஒரே குவார்ட்டர்ஸில் சமைத்து, ஒரே கட்டிலில் தூங்கியவர்கள். ஊர் அவர்களை அக்கா தங்கை என்றது. முகஜாடை இல்லையே என்று யாராவது கேட்டால், பெரியம்மா மகள் என்றது. கண்டக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று டிக்கெட் கிழித்தபடியே விசாரித்துவைப்பார். அந்த இடம் வரும்போது முன்னால் போய் டிரைவரின் காதில் சொல்வார். எழுதிவைக்கமாட்டார். “எழுதுனா என்னைக்காவது உங்கண்ணன் எடுத்துக் கொளுத்திருவான். ரோட்ட எவன் கொளுத்துவான்?” என்பார்.

டிப்போவில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். பிரேக்கைப் பிரித்துப் பூட்டினார்கள். வேறு வண்டி விட்டார்கள், அதுவும் நின்றது. வேறு டிரைவரைப் போட்டார்கள். அவர் மத்தியானம் வரை தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு நடந்தே திரும்பினார். கதையை இஷ்டத்துக்குச் சொல்லவும் முடியவில்லை. முதல் வகுப்புக்கு நேரமாகிறதென்று கணக்கு வாத்தியார் ஒருநாள் “ரெண்டு நண்பர்கள் இங்க பேசிக்கிட்டிருந்தாங்க” என்று சுருட்டி முடிக்க, பேருந்து முந்தைய நிறுத்தம் வரை பின்னோக்கி உருண்டது. அங்கே வண்டியைத் தவறவிட்டிருந்த இருவர் ஏறிக்கொண்டார்கள்; அவர்கள் மட்டும் வாத்தியாரைத் திட்டவில்லை. பூங்கா வாசலிலும் வண்டி இப்படி நின்றது. அங்கே நடந்த முதல் உரிமை ஊர்வலத்தில் நூறு பேர் என்று டிரைவரம்மாவே ஒருமுறை ஆசையாகச் சொல்லிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. ஐம்பது என்றார். முப்பது என்றார்.

“கத்திரிக்காய்க்கா பேரம் பேசுற? நெசத்தச் சொல்லுக்கா, எனக்கு டியூட்டி” என்றாள் நர்ஸ்.

“ஏழு பேரு. அதுலயும் ரெண்டு பேரு பஸ்ஸுக்கு நின்னவங்க.”

விசில் கேட்டது.

மார்க்கெட் வளைவில் கதை சொல்ல ஆளே இருந்தார். பெண்கள் இருக்கையிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு திருநங்கை, வருடங்களுக்கு முன் இதே பேருந்தின் எதிரே படுத்துக்கொண்டவர். போலீஸ் தூக்கிப்போனது, மறுநாள் வந்து படுத்தார். மழை பெய்தது, புரண்டு படுத்தார். அந்த இருக்கை அவருக்கும் உண்டு என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் எழுந்தார். இப்போது அதே இருக்கையில் உட்கார்ந்து தினமும் தன் கதையைத் தானே சொல்வார். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று யாராவது கெஞ்சினால், “நான் என்ன சுருக்கமாவா படுத்திருந்தேன்?” என்பார்.

வருடம் திரும்புவதற்குள் பயணிகளுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. சில்லறை எடுத்தபடியே கூட்டாகச் சொன்னார்கள். தாமதத்துக்கான காரணங்களில் சிக்னல், ரயில்வே கேட் ஆகியவற்றுக்கு அடுத்து வரலாறு என்றும் டிப்போ சுவரில் பெயின்டர் எழுதினார்.

குவார்ட்டர்ஸ் விவகாரம் மட்டும் நகரவில்லை. வீடு இறந்தவர் பெயரில் இருந்தது. வாழ்க்கைத்துணை என்றால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கண்டக்டரம்மாவின் செருப்பு இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் இருந்தது. டிரைவரம்மா துணை என்று விண்ணப்பித்தார். குடியிருப்பு அதிகாரி கெட்டவர் அல்ல. கல்யாணம் ஆகாதவர், ஓய்வுபெறப் போகிறவர், சொந்த ஸ்கூட்டரில் போகிறவர்.

“இந்த ஊர்ல இதுக்கு முன்ன இப்படி யாரும் இருந்ததில்லையேம்மா. எதை வெச்சு நான் குடுக்க?”

“ஒரு தடவ ஏழாம் நம்பர்ல வந்து பாருங்க சார்.”

அதிகாரி வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தொட்டி எதிரே வண்டி நின்றது, மொத்த வண்டியும் சொன்னது, கிளம்பியது. பூங்கா வாசலில் “ஏழு பேர்தானா?” என்றார். மார்க்கெட் வளைவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரின் முதுகைப் பார்த்து, “எல்லாம் சரிம்மா. கேள்விப்பட்டத வெச்சு ஆர்டர் போட முடியாது. நேர்ல தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்” என்றார்.

டிரைவரம்மா கியரை மாற்றினார். அடுத்த தெருவில், மூடிக்கிடந்த தட்டச்சுப் பயிலகத்தின் எதிரே, பேருந்து நின்றது.

அங்கே அது நின்றதே இல்லை. வாத்தியார் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் டிரைவரம்மாவைப் பார்த்தாள். இந்த இடத்தைப் பற்றிக் கண்டக்டரம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. டிரைவரம்மா உதட்டைப் பிதுக்கினார். யாரோ, ஒருவேளை இது நிஜமாகவே ரிப்பேராக இருக்கலாம் என்றார்கள். கண்டக்டர் அவசரப்பட்டுத் தன் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை.

அதிகாரி மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் பையின்மேல் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொருவராக அதைக் கவனித்தார்கள். கவனித்தவர்கள் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். வாத்தியார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். டிரைவரம்மா இன்ஜினை அணைத்தார்.

முன் இருக்கைத் திருநங்கை திரும்பி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதிகாரியிடம் நீட்டினார்.

“நீங்க நீளமாவே சொல்லலாம் சார். அவரு பேரு என்ன?”