அறுபத்து நான்கும் காத்து நின்ற எண்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் இரண்டாவது மாடி சர்வர் அறையில், அறுபத்து நான்கு கோர், அதாவது ஒரே சமயத்தில் தனித்தனியாக வேலை செய்யும் செயலகங்கள், கொண்ட புதிய கணினி, ஒரே கோர் கொண்ட பழைய கணினியைவிட மெதுவாக ஓடியது.

கணினிக்குள் எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று பங்கு பிரிப்பது கெர்னல். அதை எழுதியவர் திரைமுன் உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் வேகம் வராவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறொருவருடையதைப் போடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். பல வருட உழைப்பு. பக்கத்தில் நின்ற சர்வர் பராமரிப்பாளர், கெர்னல் எழுதியவருடைய கணவரின் தம்பி.

“என்ன அண்ணி, அறுபத்து நாலு பேரை வச்சும் ஒருத்தன் செஞ்ச வேலைகூட நடக்கலையே? எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு.”

“கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம் தம்பி. கோரை ஒண்ணொண்ணா அணைச்சுக்கிட்டே வாங்க.”

கோர்கள் குறையக் குறைய வேகம் கூடியது. பராமரிப்பாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி, நிரலில் ஒரே ஒரு வரியைச் சுட்டியது. முடிந்த வேலைகளை எண்ணும் வரி. வேகத்தை அளப்பதற்காக அண்ணியே சேர்த்தது.

“ஒண்ணு கூட்டுறதுக்கா இவ்வளவு நேரம்?”

“ஒத்தைக் கோர்ல அது ஒண்ணுமே இல்ல. இங்க அந்த எண் ஒரு கோர்கிட்ட இருக்கிறப்போ மத்ததால அதை மாத்த முடியாது. எல்லாம் அதுக்காகக் காத்துக் கிடக்குது. எவ்வளவு முடிஞ்சுது, எவ்வளவு முடிஞ்சுதுன்னு நச்சரிச்சே நான் யாரையும் வேலை செய்ய விடல.”

ஒவ்வொரு நொடியும் அந்த எண் லட்சக்கணக்கான முறை கணினிச் சில்லுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது.

பிறகு அண்ணி ஒவ்வொரு கோருக்கும் தனி எண் கொடுத்தார். நினைவகத்தில் ஒட்டி இருந்தால் அவையும் சேர்ந்தே கைமாறும் என்று தள்ளித் தள்ளி வைத்தார். யாராவது கேட்டால் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னால் போதும். எல்லாக் கோர்களையும் திறந்து கணினியை மறுபடி கிளப்பினார்.

திரையில் அறுபத்து நான்கு பட்டைகளும் ஒன்றாக எழுந்தன. விசிறிகள் இரைந்தன. தேங்கிக் கிடந்த சோதனை அழைப்புகள் கண்ணெதிரே வற்றிப்போயின. உள்ளங்கை அளவு சில்லுக்குள் அத்தனை கோர்களும் ஒன்றுக்காக ஒன்று நிற்காமல் ஓடின. கடைசியில் கூட்டிப் பார்த்தால் கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அண்ணி, மூச்சுவிடவே மறந்துட்டேன்.”

“விட்டுத் தொலைங்க. உங்க அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?”

கேலி செய்த அண்ணியும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாலையில் மேலாளர் வந்து பார்த்தார். கெர்னல் மாற்றப்படவில்லை. மறுநாளிலிருந்து உண்மையான ஆம்புலன்ஸ் அழைப்புகள் புதிய கணினிக்குப் போயின.