ரம்பம் செய்த பிரெஞ்ச் டோஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை தச்சன் எழுந்ததே ஒரு துள்ளலோடுதான். மனைவி இன்னும் போர்வைக்குள் இருந்தாள். அவன் சத்தமில்லாமல் நழுவிப் போய் மகளின் காலைப் பிடித்து ஆட்டினான்.

"வாலு, எழுந்திரு. இன்னிக்கு நாம சமைக்கிறோம்."

"நாமளா? உனக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியுமாப்பா?"

"அதுக்குத்தான் உன்னை எழுப்புறேன்."

பட்டறையில் அவனுக்கு ரம்பம் என்று பெயர். தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவன் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் ஒரு தரம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் உண்மையான காரணம் தெரியும். ஆனால் கை வேலை சுத்தம். அவன் அடித்த கதவு மழைக்காலத்திலும் இறுகாது. சமையல் மட்டும் அவன் இருக்கும் திசைக்கே வந்ததில்லை.

வராத சமையலை அவன் இன்று வலியப் போய்க் கூப்பிட்டதற்குக் காரணம் மனைவியின் மூக்கு. தெருமுனை பேக்கரியில் அவள்தான் அடுப்புக்காரி. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து ரொட்டியை எடுப்பார்கள். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி மாவு பிசைந்துகொண்டே, "கீழ்த் தட்டை எடு, ஓரம் சிவந்தாச்சு" என்பாள். எடுத்துப் பார்த்தால் ஓரம் அப்படித்தான் சிவந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே இரண்டு நாள் ரொட்டி கரியானது. முதலாளியம்மா நல்ல மனுஷி, திட்டவில்லை. "கொஞ்ச நாள் பேக்கிங் பாரு" என்று சொல்லி, ரொட்டியை உறையில் போட்டு ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தார். அந்தக் கொஞ்ச நாள் தீர்ந்துபோய், நேற்று முன்தினம் பேச்சு வேறு மாதிரி வந்தது. அடுப்பை மறுபடி பார்க்க முடியுமா என்று நாளைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். முடியாதென்றால் அடுப்புக்குப் புது ஆள் வருவான், அவள் பேக்கிங்கிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு ரம்பத்துக்குத் தூக்கம் ஏது?

தெரிந்த வாசனைகளைத் தினமும் முகர்ந்து பாருங்கள், போனது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், ரம்பம் அதைத் தலைமேல் போட்டுக்கொண்டான். வெங்காயம், காபித்தூள், எலுமிச்சைத் தோல், கற்பூரம் என்று வகை வகையாக அவள் மூக்கடியில் நீட்டினான். தூங்குகிறவளிடம் பூண்டை நீட்டியதும் உண்டு. போன வாரம் அவள் வெடித்துவிட்டாள்.

"நான் என்ன மோப்ப நாயா? இனிமே எதையாவது மூக்குகிட்ட கொண்டு வந்தீங்க, கையை ஒடிச்சிடுவேன்!"

ஆகவே இன்று சோதனை கிடையாது. வெறும் காலைச் சாப்பாடு. விடுமுறை நாளில் அவளே ஆசை ஆசையாகச் செய்யும் பட்டைத் தூள் போட்ட பிரெஞ்ச் டோஸ்ட். அவள் அதைச் சுட்டால் வாசனை மாடிப்படி வரை இறங்கும். எதிர் வீட்டு டீச்சர் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவார். அந்த வாசனை வந்து கூப்பிட்டால் அவள் மூக்கு திரும்பிப் பார்க்காமலா போகும் என்பது ரம்பத்தின் கணக்கு.

"முட்டையை உடைச்சு பால் ஊத்தணும், சர்க்கரை போட்டு அடிக்கணும்," என்றாள் வாலு. பார்த்துப் பார்த்தே பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

முட்டை உடைப்பதில் மூன்று தரம் ஓடு விழுந்தது. அடிப்பதில் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை. கோந்து கலக்கிப் பழகின கை அது. நேற்றைய ரொட்டியை எடுத்து, பாக்கெட்டில் இருந்த டேப்பை இழுத்துக் கனம் பார்த்தான்.

"முக்கால் அங்குலம். தாங்கும்."

"அப்பா, இது ரொட்டி. பலகை இல்லை."

பலகை என்றே நினைத்து முதல் துண்டை நன்றாக ஊற விட்டான். தூக்கும்போது அது இரண்டாகப் பிய்ந்து தொப்பென்று விழுந்தது. வாலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்படிப் போட்டு அப்படி எடுக்கணும்ப்பா!" அடுத்த துண்டு அப்படியே போய் அப்படியே வந்தது. தவாவில் வெண்ணெய் உருகிச் சடசடத்தது. ரொட்டி விழுந்ததும் சொய்ங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

"பட்டை! பட்டைத் தூள் எங்கே?"

"அலமாரியில, மேல் தட்டுல, சின்ன பாட்டில்!"

மேல் தட்டில் சின்ன பாட்டில் இருந்தது. உள்ளே செம்பழுப்பில் நைசான தூள். ரம்பம் தாராளமாகத் தூவினான், திருப்பிப் போட்டும் தூவினான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது விழும் நைசான தூளைத் தச்சர்கள் கொட்டிவிட மாட்டார்கள். ஆணி போன ஓட்டையை அடைக்க, கோந்தில் குழைத்து வைப்பதற்காகச் சேர்த்து வைப்பார்கள். ரம்பம் அதைச் சேர்ப்பது மனைவி காலி செய்த மசாலா பாட்டில்களில். நேற்று சமையலறை அலமாரியின் கதவைச் சரி செய்தவன், வேலை முடிந்ததும் தேக்குத் தூள் பாட்டிலை அதே மேல் தட்டில் மறந்து வைத்துவிட்டான். பட்டைத் தூள் அதற்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவன் மூக்கோ பதினைந்து வருடமாக மரத்தூளிலேயே ஊறின மூக்கு. அதற்கு எது மரம், எது காற்று என்பதே மறந்து போயிருந்தது.

"சமையக்கட்டுல என்ன பூகம்பமா?" கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். மேடையெல்லாம் பால், தரையெல்லாம் முட்டை ஓடு, நடுவில் வெற்றி மாலை போடாத குறையாக இரண்டு பேர்.

"உட்காரும்மா, உட்காரு! உனக்காக நானே செஞ்சேன்!"

"மறுபடியும் சோதனையா?"

"சேச்சே! சாப்பாடும்மா, வெறும் சாப்பாடு."

சிரிப்பு வந்தது அவளுக்கு. உட்கார்ந்தாள். ரம்பத்துக்குப் பொறுமை இல்லை, தன் துண்டைப் பெரிதாகக் கடித்துவிட்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "பிரமாதம்!" என்று தலையை ஆட்டினான். வாலு ஒரு வாய் கடித்து, மென்று, நிறுத்தி, அப்பாவைப் பார்த்து மறுபடி மென்றாள். நறநறவென்று இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மனைவி துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

"இதுல என்ன போட்டீங்க?"

"பட்டைதான்." ரம்பம் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"இது பட்டை இல்லை."

அவன் முகம் சுருங்கிப்போனது. "அப்போ... வாசனை வரலையாம்மா?"

"வருது," என்றாள். தட்டின்மேல் குனிந்து ஆழமாக இழுத்தாள். "வருதுங்க! இது தேக்கு. சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வரும்போது உங்க சட்டையில வர்ற வாசனை!"

வாலு அலமாரிக்குப் பாய்ந்தாள். இரண்டு பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு, "அய்யோ அப்பா! நீ எங்களுக்குக் கதவைச் சுட்டுக் குடுத்திருக்கே!" என்று கத்தினாள். வாயில் இருந்ததைத் துப்புவதா, ஆடுவதா என்று தெரியாமல் ரம்பம் இரண்டையும் சேர்த்துச் செய்தான். மனைவி எழுந்து வந்து அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அதில் முகத்தைப் புதைத்தாள்.

"ரெண்டு மாசமா நீங்க வந்துட்டீங்களான்னு திரும்பிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றாள். "பக்கத்துல படுத்திருக்கிறதே யாரோ மாதிரி இருந்தது."

ரம்பம் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அம்மா, இது! இதையும் பாரும்மா!" வாலு பட்டைத் தூளைத் திறந்து நீட்டினாள். அவள் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பாட்டிலைக் கிட்டத்தட்ட மூக்கிலேயே செருகிப் பார்த்தாள். பிறகு மெதுவாக மூடியைப் போட்டாள்.

"ஒண்ணும் இல்லை," என்றாள். "சரி விடுங்க, மரமாவது வந்துச்சே. நாளையிலேர்ந்து உங்க பட்டறைக்கே வேலைக்கு வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராத்திரி துவைத்து வைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பால்கனிக்குப் போனாள். கொடியில் துணியை உதறிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

ரம்பம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பசிக்குதுடா வாலு. எடு முட்டையை." இந்தத் தடவை ஓடு விழவில்லை. பாட்டிலை வாலுவே திறந்து, நாக்கில் தொட்டுப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் தூவினார்கள். வெண்ணெய் நுரைத்தது. ரொட்டி தவாவில் கிடந்தது. இரண்டு பேரும் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருந்தது, புகை எதுவும் இல்லை.

"தீயைக் குறை!"

பால்கனியிலிருந்து வந்தது குரல்.

"வெண்ணெய் சிவந்தாச்சு, சர்க்கரை அடி பிடிக்கப் போகுது! திருப்புங்க, சீக்கிரம்!"

வாலு கரண்டியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் நல்ல பழுப்பு, ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். ரொட்டியைத் திருப்ப இருவருக்கும் கை வரவில்லை. ஈரத் துப்பட்டாவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தவள்தான் அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு அதைத் திருப்பினாள், தீயைக் குறைத்தாள், அதன்மேல் குனிந்தாள்.

"பட்டை," என்றாள். "கொஞ்சமாத்தான். ஆனா பட்டை. பட்டைங்க!"

வாலு போட்ட கூச்சலில் எதிர் வீட்டு டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ரம்பம் அவரிடம் போய், கேட்காமலே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டான். மனைவி பாலும் முட்டையும் ஒட்டியிருந்த மேடையில் போனைத் தேடி எடுத்தாள். எண்ணை அழுத்தும்போதும் கண் தவாவைவிட்டு நகரவில்லை.

"முதலாளியம்மா, நான்தான் பேசுறேன்," என்றாள். "அந்தப் புது ஆளைப் பேக்கிங்ல போடுங்க. நாளைக்கு அடுப்பு என்னுது."