அணைக்கிற பொத்தான்

மான்சாவின் டிவி ரிமோட் செம்பனைப் பழச் சூப்புக்குள் விழுந்து செத்தது. அதை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டே அண்டாவுக்கு மேல் குனிவது அவள் பழக்கம். ரிமோட்டுக்கோ நீச்சல் பழக்கமில்லை. கரண்டியால் அள்ளியெடுத்து வெயிலில் காயவைத்தாள், அரிசிக்குள் புதைத்தாள், திட்டிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

டிவியோ அவள் சாப்பாட்டுக் கடைச் சுவரின் உச்சியில், வெல்டிங் வைத்து மூடிய இரும்புக் கூண்டுக்குள் இருந்தது. திருடனுக்குப் பயந்து செய்த கூண்டு. இப்போது சொந்தக்காரியாலேயே அதன் பொத்தான்களைத் தொட முடியவில்லை. சாயங்காலம் கால்பந்து ஆட்டம் வேறு. நாட்டு அணி ஆடும் நாளில் டிவி ஓடாத சாப்பாட்டுக் கடைக்கு செகொண்டி ஊரில் ஈ காக்கை வராது. கூட்டம் மொத்தமும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். பக்கத்துக் கடை அரபாவுடையது. மான்சாவின் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு டிவி வாங்கி, ஒரே ஆளை வைத்து இரண்டு கூண்டு அடித்தவர்கள். பிறகு ஒரு பெரிய ஆட்டத்தில், சரியாகப் பெனால்டி அடிக்கும் நேரத்தில், மான்சாவின் டிவி பட்டென்று அணைந்தது. கரண்ட் போகவில்லை, அரபாவின் கடையில் கூச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மான்சாவின் ஆட்கள் தட்டோடு அங்கே ஓடினார்கள். ஒரே மாதிரி டிவி என்றால் ஒரு ரிமோட் இரண்டையும் அணைக்கும். அரபாவின் கையில் அப்போது ரிமோட் இருந்ததை மான்சா கண்ணால் பார்த்தாள். வேறென்ன சாட்சி வேண்டும்? அவள் போய்க் கேட்கவில்லை, சண்டை போடவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு கடைக்கும் நடுவில் தோள் உயரத்துக்குத் தகரம் அடித்தாள். எதற்கென்று அரபா கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்தவளுக்குத் தெரியாதா என்பது அவள் கட்சி.

டிவி பழுது பார்க்கும் ஃபீஃபி மாஸ்டர் புது ரிமோட் ஒன்றோடு வந்தான்.

"இது கத்துக்கற ரிமோட்டுக்கா. பழசு எதிர்ல நின்னு சொல்லிக் குடுத்தா அப்படியே பிடிச்சுக்கும்."

"பழசுதான் சூப்பு குடிச்சுட்டுப் போய்ச் சேந்துடுச்சே."

"இதே மாதிரி இன்னொண்ணு அரபா அக்காகிட்ட இருக்குல்ல?"

"அவகிட்டப் போய் நிக்கறதுக்கு டிவிய வித்துடுவேன்."

"கூண்டோடவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடைக்குப் போனான்.

அரபா வந்தாள். ரிமோட்டைக் கோழிக்குஞ்சு மாதிரி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"மாஸ்டர், இது என் கைய விட்டுப் போகாதுன்னு அவங்ககிட்டச் சொல்லு."

"நானும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்னு சொல்லு, மாஸ்டர்."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல, எனக்கு எதுக்கு வாய் வலிக்கணும்?" என்றான் ஃபீஃபி.

வாசல் பெஞ்சில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைக்கச் சொன்னான். சத்தம் கூட்டும் பொத்தானை அரபா அழுத்தினாள். கற்றுக்கொண்டால் புது ரிமோட்டின் விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு நிற்க வேண்டும். அதுவோ பைத்தியம் பிடித்ததுபோலப் படபடவென்று சிமிட்டியது. இடைவெளியை இரண்டு விரலாக்கினான். அழுத்திப் பிடிக்காமல் தட்டிவிடச் சொன்னான். பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டான். மறுபடியும் படபட.

ஃபீஃபி அண்ணாந்து பார்த்தான். "வெயில் பண்ற வேலைக்கா இது. ரிமோட் பேசற அதே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வெயில்லயும் இருக்கு. இது கத்தற கத்துல அது பேசறது கேக்கல. கறுப்பா, கெட்டியா ஒரு துணி வேணும்."

மான்சாவிடம் இருந்ததெல்லாம் வெளுத்துப்போன மேசைத் துணி. அரபா எழுந்துபோய், மடித்த துணி ஒன்றை எடுத்துவந்தாள். கறுப்பில் சிறுசிறு சிவப்புப் பூ. மான்சாவுக்கு அது தெரியும். போன வருடம் அரபாவின் அம்மா காரியத்துக்குத் ஊர் வழக்கப்படி தெருவே அந்த ஒரே துணியில் தைத்து உடுத்திப் போனது. மான்சா மட்டும் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தக்கோராடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இந்தத் துணியிலோ கத்தரியே படவில்லை. துணிக்கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்று தலைகள் துணிக்குள் போயின. தெருவில் போன யாரோ, "உள்ள என்ன பிரசவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இருட்டில் ரிமோட் நல்ல பிள்ளையாகிவிட்டது. சத்தம் கூட்ட, இரண்டு சிமிட்டல். சத்தம் குறைக்க, இரண்டு சிமிட்டல். சேனல்களும் அப்படியே. கடைசியில் சிவப்புப் பொத்தான், டிவியை அணைக்கிற பொத்தான். விளக்கு சிமிட்டவே இல்லை. இன்னொரு தடவையும் இல்லை.

ஃபீஃபி செல்போனின் முன்பக்கக் கேமராவை அரபாவின் ரிமோட்டுக்கு நேரே பிடித்தான். "கண்ணுக்குத் தெரியாதது இதுல தெரியும். சத்தத்தை அழுத்துக்கா." போன் திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னியது. "இப்ப சிவப்ப அழுத்து."

அரபா அழுத்தினாள். திரை இருட்டாகவே இருந்தது.

"இது பேசவே இல்லையே."

"அது ஊமையாச்சே," என்றாள் அரபா. "வாங்குன மாசமே பேரன் சோளக்கஞ்சிய ஊத்திட்டான். அதுலேர்ந்து ஸ்டூல் போட்டு ஏறி, செவுத்து சுவிட்சுலதான் அணைக்கறேன்."

மான்சா அதைத் தினம் பார்த்திருக்கிறாள். தகரத்துக்கு மேலே அரபாவின் தலை எழும்பும், சுவிட்சு சொடுக்கும். கரண்ட் காசுக்கு உயிரை விடுகிறாள் கஞ்சப் பிசினாறி என்று தனக்குள் சிரித்திருக்கிறாள். அவள் கை தானாகத் தன் இடுப்பைத் தடவியது. அந்தப் பெனால்டி நேரத்திலும் ரிமோட்டை அங்கேதான் செருகியிருந்தாள். அண்டாவுக்கு மேல் குனிந்தால் வயிறே பொத்தானை அழுத்துகிற இடம்.

"வாங்குன மாசமேவா?" என்றாள். தகரம் அடித்த பிறகு அரபாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமா. ஏன்?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். துணிக்குள் முகம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது முடியவில்லை. "பெனால்டி நேரத்துல என் டிவிய நீதான் அணைச்சேன்னு நெனச்சுட்டேன்."

அரபா சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் தடவினாள். "தகரம் அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா பொத்தானக் காட்டியிருப்பேனேடி."

ஃபீஃபி மெதுவாகத் துணிக்கு வெளியே நழுவினான். புது ரிமோட்டைக் கூண்டை நோக்கி நீட்டி, "சேனல அழுத்துனா முழிச்சுக்கும். அணைக்கறதுக்கு நீயும் ஸ்டூல் ஏற வேண்டியதுதான்கா," என்றான். டிவி விழித்துக்கொண்டு கத்தியது.

மான்சா துணியை அதன் மடிப்பிலேயே மடித்து நீட்டினாள். அரபா வாங்கவில்லை.

"அது உன்னுது. அம்மா காரியத்துக்கு எல்லாருக்கும் எடுக்கறப்ப உனக்கும் சேத்து எடுத்தேன்."

"அப்பவே குடுத்தனுப்பியிருக்கலாமே."

"வந்தா கையில குடுக்கலாம்னு வாசலையே பாத்துட்டிருந்தேன்."

அந்த அம்மாள் மான்சாவையும் மகளே என்றுதான் கூப்பிடுவாள். மான்சாவுக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. தகரத்தை இன்றைக்கே பிடுங்கிவிடலாம். அந்த அம்மாளின் காரியமோ போன வருடமே முடிந்துவிட்டது.