பழைய ஸ்லாட்டுக்குப் புது கார்டு

இந்த வருடம் செய்த கிராபிக்ஸ் கார்டு. பெட்டியின் அடியில் தேதி அச்சிட்டிருந்தது. அதை மாட்ட வேண்டிய ஸ்லாட்டோ, புதுக் கம்ப்யூட்டர்களில் இருந்து காணாமல் போய் எத்தனையோ வருடம் ஆகிறது.

“இதையெல்லாம் இன்னுமா செய்யறாங்க?” என்று மொத்த வியாபாரியிடம் போனில் கேட்டேன்.

“பழசை விடாப்பிடியா வெச்சுக்கிட்டு இருக்கறவங்க உங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க மேடம்,” என்றார். வாய்க்கொழுப்பு. ஆனால் சொன்னது பொய்யில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறேன். யாராவது இப்படியொரு கிழட்டு மெஷினைத் தூக்கி வந்தால், தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் இது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், அப்பா வாங்கித் தந்தது. பள்ளியில் படிக்கும்போது தம்பி எழுதிய கார் பந்தய விளையாட்டு இதற்குள்தான் இருக்கிறது. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆட வேண்டும். இடது பக்கம் யாருக்கு என்று தினமும் அடிதடி. மூத்தவள் என்ற திமிரில் ஒரு நாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. அம்மா வந்து ப்ளக்கைப் பிடுங்கினால்தான் ஓயும்.

அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தோம். வெளியூரிலிருந்து வந்த தம்பி இந்தக் கம்ப்யூட்டரை மட்டும் கேட்டான்.

“அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப எட்டிப் பார்க்க நேரமில்லை. இதுக்கு மட்டும் வந்துட்டியா?” என்றேன்.

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவன் வெறுங்கையோடு கிளம்பிவிட்டான். நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சே இல்லை. கம்ப்யூட்டரும் என்னிடம் வந்த சில மாதத்தில் படம் வராமல் படுத்துவிட்டது.

புதுக் கார்டை மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. மானிட்டர் பழையபடி ‘டிங்’ என்று சிணுங்கிக்கொண்டு வெளிச்சமானது. சூடான தூசி வாசனைகூட அப்படியே இருந்தது. விளையாட்டைத் திறந்து, இடது பக்கப் பட்டனை மட்டும் அழுத்தினேன். என் சிவப்புக் கார் ஓடி ஜெயித்தது. அவன் பச்சைக் கார் கிளம்பும் கோட்டிலேயே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பியை அழைத்தேன்.

“என்ன?” என்றான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. “நம்ம பழைய கம்ப்யூட்டருக்குப் புது கார்டு வாங்கியிருக்கேன். மாட்டத் தெரியல. வந்து பாரேன்.”

“ரிப்பேர் கடைக்காரிக்குக் கார்டு மாட்டத் தெரியலையா?”

“தெரியலைன்னா தெரியல.”

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா இடது பக்கம் எனக்கு.”

“எடுத்துக்கோ.”

போனை வைத்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மாட்டிய கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, மேலே டேப்பும் ஒட்டினேன்.