பன்னிரண்டாம் பலகை

இடிக்கிற கட்டடங்களிலிருந்து கதவு, ஜன்னல், அலமாரி கழற்றி விற்பவர் அவர். மற்ற சரக்கைத் தேன் ஒழுகப் பேசித் தலையில் கட்டிவிடுவார். மூலையில் சாத்தியிருக்கும் தேக்குத் தடுப்பைக் கேட்டால் மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே போவார். கடைத்தெரு அவருக்கு ‘ஏத்தக்காரர்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

தடுப்பில் பன்னிரண்டு பலகைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மனைவி மெழுகுப் பென்சிலால் எண் போட்டிருந்தாள். கழற்றுமுன் எண் போடுவது அவள் வேலை. இல்லாவிட்டால் மறுபடி பூட்டுகிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். அவள் இறந்து மூன்று வருடம். அவள் கையெழுத்துள்ள சரக்கெல்லாம் ஒவ்வொன்றாக விலைபோய், மிச்சம் இது ஒன்றுதான்.

அன்று வந்த இன்டீரியர்காரி லேசில் விடுகிற ஆளில்லை.

“ஐயா, விலை சொல்றீங்களா, விரட்டுறீங்களா?”

“ரெண்டும்தாம்மா. புதுசா பிளைவுட் வாங்கி அடிங்களேன், பளபளன்னு இருக்கும்.”

“நான் புதுசு வாங்கறதில்ல. ஏற்கெனவே இருக்கறத வச்சுத்தான் ஒரு டாக்டரோட கிளினிக்கையே மாத்தறேன்.”

“பசையப் பூசி, முதுகை இழைச்சு, உருவத்தையே மாத்திடுவீங்க.”

“பசையே கிடையாது, திருகாணிதான். நாளைக்கு அவங்க காலி பண்ணினா, கீறல் இல்லாம கழட்டி வேற இடத்துல மாட்டலாம். முதுகை எதுக்கு இழைக்கணும்? நம்பர் போயிட்டா எதை எங்க பூட்டறது?”

அவர் துண்டால் பலகையைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

“காலி பண்றப்போ எனக்கே திருப்பித் தரணும். எழுதிக் குடுங்க.”

“குடுத்தா விலை குறையுமா?”

“பாதி.”

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். “கரையான் எதுவும் அரிச்சிருக்கா?”

“என்னைத்தாம்மா.”

வண்டியில் ஏற்றும்போதுதான் சுவரை ஒட்டிக் கடைசியாகச் சாத்தியிருந்த பன்னிரண்டாம் பலகை வெளியே வந்தது. யாரையும் தொடவிடாமல் காத்ததில், அதன் முதுகை அவரே பார்த்ததில்லை. எண்ணுக்குக் கீழே மனைவியின் எழுத்து: ‘இதோட முடிஞ்சுது. எங்கயாவது பூட்டினதும் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.’

கடையைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் கிளினிக்கில் கடைசித் திருகாணி இறங்கியது. எல்லோரும் தள்ளி நின்று ரசித்தார்கள். அவர் மட்டும் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஓர் ஆள் இடைவெளியில் நுழைந்து, பன்னிரண்டாம் எண்ணருகே போய் நின்றார்.

“ஐயா, முன்பக்கம்தானே அழகு,” என்றார் பலகைகளைப் பூட்டிய தச்சர். “அங்க நின்னு என்ன பாக்கறீங்க?”

“பாக்கலப்பா,” என்றது பலகைக்குப் பின்னாலிருந்து குரல். “காட்டிட்டிருக்கேன்.”