அப்பா இடிக்காத வண்டி

வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்ப்பது என் வேலை. அதாவது, யார் யார் எதில் போய் முட்டிக்கொண்டார்கள் என்று எழுதித் தரும் கதைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது. சும்மா நின்ற மரம் திடீரென்று குறுக்கே வந்ததாக எழுதியவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். என் காதில் பூ சுற்ற யாராலும் முடியாது என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

இந்த நாற்காலியை விட்டு ஓடத்தான் நிதியியல் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். போன வருடம் மதிப்பெண்ணில் குறையில்லை. கூட அனுப்பிய சுயகட்டுரை உப்புச் சப்பில்லாமல் இருந்ததால் கழித்துவிட்டார்கள். இந்த வருடமும் கை நழுவினால், பதவி உயர்வு என்ற பெயரில் என்னை லாரிப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு கட்டுரை ஆலோசகரைப் பிடித்தேன்.

"உங்க வாழ்க்கையில என்ன கஷ்டம்?" என்றார்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார்."

"அப்பா?"

"நல்லா இருக்கார். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார்."

அவர் முகம் வாடிவிட்டது. என் அப்பா நன்றாக இருப்பதற்காக வருத்தப்பட்ட முதல் ஆள் அவர்தான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "ஒரு ஆக்சிடென்ட் போட்டுக்கலாமா?" என்றார், டீக்குச் சர்க்கரை கேட்பதுபோல.

கட்டுரை தயாரானது. கொட்டும் மழை, ஒரு மோதல், அப்பாவுக்குக் கால் முறிவு. கட்டிலருகே சிறுமியான நான் இன்சூரன்ஸ் காகிதங்களைப் படித்துப் படித்து நிதியியல்மேல் காதல் கொள்கிறேன். வாசித்துக் காட்டும்போது ஆலோசகரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதில் வண்டி வண்டியாக ஓட்டை தெரிந்தது. கல்லூரிச் சீட்டு ஆசை வாயை அடைத்துவிட்டது.

அதை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தது என் புத்தி. அப்பா எடுத்துப் படித்துவிட்டார்.

அப்பா ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுபவர் என்பது எங்கள் குடும்பத்துக்கே அஸ்திவாரம். நாற்காலியைப் பின்னால் நகர்த்தும்போதுகூட இரண்டு பக்கமும் பார்ப்பார். அம்மா மட்டும் ஒரு முறை வண்டியைப் பின்னால் எடுத்து எங்கள் வீட்டு கேட் தூணில் இடித்திருக்கிறாள். அதை அப்பா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

"இதுல வர்ற அப்பா யாரு?"

"நீங்கதான்ப்பா. சும்மா, கட்டுரைக்காக."

பொய் எழுதியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"தப்பு யார் மேல?" என்றார்.

"என்னப்பா?"

"மோதிச்சுன்னு எழுதியிருக்க. மோதினது நானா, அவனா?"

"அது எழுதல."

"எழுதலன்னா படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஆள் தூங்கிட்டான்னு நினைப்பான்." உப்பு டப்பாவையும் டம்ளரையும் இழுத்து எதிரெதிரே வைத்தார். "இது நான். மழைல மெதுவாத்தான் வருவேன். இவன்தான் சிக்னல பாக்காம வந்திருக்கணும்."

"மழை பெஞ்சா நீங்க வண்டியே எடுக்க மாட்டீங்களே," என்றாள் அம்மா.

எனக்குள் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எந்த ரோடு, யார் சாட்சி, எந்தப் பக்கம் நசுங்கியது என்று கேட்டேன். அப்பா உப்பு டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். ஆபீசில் இப்படி ஒன்று வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் தூக்கிப் போட்டிருப்பேன். கட்டுரையின் தலையில் 'ஏற்கப்படவில்லை' என்று எழுதி மடித்து வைத்தேன்.

வேறு கட்டுரை எழுதினேன். என் அப்பா இதுவரை எதிலும் இடித்ததில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் இடிக்காத சுவரில்லை. ஆனால் க்ளெய்ம் கேட்காமல், நசுங்கியதை அவரே தட்டி நிமிர்த்திக்கொள்வார். காகிதத்தில் இருவரும் ஒன்று, கட்டும் பிரீமியமும் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எப்படி விலை வைப்பது? அதைப் படிக்க வேண்டும் என்று முடித்தேன்.

வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா தலைகால் புரியாமல், பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாத மாணவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அன்று காலை, "முதல்ல உங்களப் பத்திதான்ப்பா கேப்பாங்க," என்றேன். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே.

அப்பா தரையைப் பார்த்தார். "அந்தத் தூண இடிச்சது உங்கம்மா இல்ல."

நான் ஆடிப்போனேன். "ஏம்மா பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"வாசல்ல டிரைவிங் ஸ்கூல் போர்டு. அந்த வாசலையே மாஸ்டர் இடிச்சார்னா பொழப்பு என்ன ஆகும்? சரி போகட்டும்னு விட்டேன். அப்புறம் அதையே எனக்குச் சொல்லிக் காட்ட ஆரம்பிச்சார் பாரு, அதத்தான் தாங்க முடியல."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை, திரையில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். நடுவில் இருந்த பேராசிரியை என் கட்டுரையைப் புரட்டினார்.

"உங்க அப்பா நிஜமாவே எதுலயும் இடிச்சதில்லையா?"

இல்லை என்று சொன்னால் போதும். கதவிடுக்கில் அப்பாவின் கால் நிழல் தெரிந்தது.

"இன்னிக்குக் காலைல வரைக்கும் அப்படித்தான் மேடம் நினைச்சேன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தினம் க்ளெய்ம் பாக்கறவ நான். ஒரே வீட்ல இருந்தும் எனக்கே தெரியல. கம்பெனிக்கு எப்படித் தெரியும்? அதப் படிக்கத்தான் வரேன்."

பேராசிரியை குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். லாரிப் பிரிவு என் கண் முன்னால் வந்து நின்றது.

"அம்மாவுக்கு இதுக்கு நஷ்ட ஈடு ஏதாவது கிடைச்சுதா?" என்றார் பேராசிரியை.

நான் வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தத் தூண் கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சு மேடம்."

சீட்டு கிடைத்தது. செய்தி கேட்டு வாழ்த்த வந்த தையல்காரர், வழக்கம்போலச் சமையலறையில் இருந்த அம்மாவைச் சீண்டினார். "பொண்ணு மேல படிக்கப் போவுது. நீங்க இன்னும் தூண இடிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அது நான் இடிச்சது."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள் அம்மா. "தண்ணி ஓடிச்சு, சரியா கேக்கல."