இரவல் மூக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கோபம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. மூக்குதான் போய்விட்டது.

சாதாரணக் காய்ச்சல்தான். படுத்தேன், எழுந்தேன். எழுந்த அன்று காலையில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். "ஏன்டி, பால் தீஞ்சு கரியாப் போகுது, பக்கத்துலயே நிக்கிற, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று அடுப்பை அணைத்தார். சமையலறை முழுக்கப் புகை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்துக்கு நேராக வைத்து இழுத்தேன். சோப்பை எடுத்து மோந்தேன். வீட்டுக்காரரின் வியர்வைச் சட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஒன்றுதான், கண்ணாடி டம்ளரை மோந்த மாதிரி.

வேறு யாருக்காவது போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். நான் ஒரு வாசனைத் திரவியப் பட்டறையில் கலவைக்காரி. பழுப்பு பாட்டில்கள் வரிசையாக நிற்கும் பின்னறையில் உட்கார்ந்து, எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாக எடை போட்டுக் கலப்பது என் வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கை மோந்து பார்த்து "எடுக்கலாம்", "வேண்டாம்" என்று சொல்வதும் நான்தான். அங்கே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கம்மா. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு விபத்தில் முதுகு போன நாள் முதல் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது இந்த மூக்கை நம்பித்தான்.

"வந்தா வரும். கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார் டாக்டர்.

"வராட்டி?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

விஷயத்தை வீட்டுக்காரரிடமும் என் தங்கச்சியிடமும் மட்டும்தான் சொன்னேன். அவர் பங்குக்கு, "நல்லதாப் போச்சு, இனிமே என் சமையலைக் குறை சொல்லாம சாப்பிடுவே" என்றார். பயத்தில் சிரித்தேன். தங்கச்சிதான் வழி சொன்னாள்.

பட்டறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை. மெத்தை போட்ட மேசை, மெல்லிய வெளிச்சம், சூடான துண்டுகள். தூக்கம் வராதவர்கள், மனசு சரியில்லாதவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் எல்லாம் அங்கே வருவார்கள். பாதாம் எண்ணெயில் வாசனை எண்ணெய் சில சொட்டுக் கலந்து மெதுவாகத் தேய்த்துவிடுவாள். அரோமாதெரபி என்று பலகை வைத்திருக்கிறாள். அவளுடைய பெரிய ஆயுதம் ரோஜா எண்ணெய். "துக்கத்தை உள்ளயே பூட்டி வச்சிருக்கறவங்க இந்த வாசனை பட்டா அழுதுடுவாங்க அக்கா. அழுதா பாதி பாரம் போயிடும்" என்பாள். ஆனால் எந்தப் பெண் வந்தாலும் அந்த பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்: "நாள் தள்ளிப் போயிருக்கா?" ஆமாம் என்றால் ரோஜாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். முதல் மாதங்களில் ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்வேன்.

அவளுக்கும் நல்ல மூக்கு. ஒரே தாய் வயிற்று மூக்கு அல்லவா. "நான் தினம் காலையில உனக்கு டீ கொண்டுவர்றதுதானே, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. நீ மோந்துட்டுத் தட்டுல வை. நான் குனிஞ்சு பார்க்கற மாதிரி மோந்துக்கறேன். நல்லா இருந்தா காது மடலைத் தொடுவேன். சரியில்லன்னா டீ கோப்பையைத் தூக்குவேன்."

"இது என்னடி சீட்டாட்டத்துல திருட்டுத்தனம் பண்ற மாதிரி?"

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும். அதனால் தினம் அந்த நாடகம் நடந்தது. காகிதக் கீற்றை எண்ணெயில் தொட்டு, கண்ணை மூடி, மூக்கருகில் ஆட்டி, பெரிய மேதாவி போல யோசித்து, பிறகு ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்ப்பேன். முதலாளி அறை வாசலில் நின்றால் கீற்றை இன்னும் இரண்டு தடவை கூடுதலாக ஆட்டுவேன். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்? ஒருநாள் அவள் வராவிட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒருநாள் அவளுக்குச் சளி பிடித்தால் கதை கந்தல். மழை தூறினால்கூட அவளைக் கூப்பிட்டு, "தலையைத் துவட்டினியா?" என்று கேட்பேன். பாவம், அக்காவுக்குத் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நாளாக அவள் முகம் வாடிக் கிடந்தது. லாவெண்டருக்குக் கோப்பையைத் தூக்கினாள். எலுமிச்சைக்கும் தூக்கினாள். சரக்குத்தான் மட்டமாக வருகிறதாக்கும் என்று இரண்டையும் திருப்பி அனுப்பினேன். முதலாளிகூட, "மூக்கம்மா இப்பல்லாம் ரொம்பக் கறாரா இருக்கீங்க" என்று பாராட்டினார். நான் தலை நிமிராமல் தராசைத் துடைத்தேன்.

அப்புறம் ரோஜா எண்ணெய் வந்தது.

எங்கள் பட்டறையின் பெயரைக் காப்பாற்றுவதே ஒரு ரோஜா அத்தர்தான். வருஷத்துக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கிற பூ. வெயில் ஏறுவதற்குள் பறித்து, அன்றைக்கே கொப்பரையில் போட்டு வடித்துவிட வேண்டும். மூட்டை மூட்டையாகப் பூ போட்டாலும் ஒரு கையளவு எண்ணெய்தான் தேறும். வழக்கமாகக் கொண்டுவரும் எண்ணெய்க்காரர், துண்டில் சுற்றிய சின்னக் கேனைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கீற்றைத் தொட்டேன். மோந்தேன். ஒன்றுமே இல்லை. வாழ்நாள் முழுக்க எனக்குத் தெரிந்த வாசனை: முதலில் மிளகைப் போல ஒரு குத்தல், அடுத்து தேன், கடைசியில் ஈரமான பச்சை இலை. மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் போய் வந்தது. கீற்றைத் தட்டில் வைத்தேன்.

தங்கச்சி குனிந்தாள். முகம் வெளுத்தது. கோப்பையைத் தூக்கினாள். நான் நம்பாமல் இன்னொரு கீற்றைத் தொட்டு வைத்தேன். கோப்பை மறுபடியும் மேலே போனது. டீ சிந்தியது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

"இது வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வேண்டாமா?" எண்ணெய்க்காரர் பேயறைந்தவர் போல நின்றார். "கலப்படமா மூக்கம்மா?"

"சரியில்ல."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ கேனைத் துண்டில் சுற்றினார். "நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது. நானே வடிச்சது. ராத்திரி கொப்பரைக் காவலுக்கு என் மச்சினனை விட்டிருந்தேன். அவன்தான் கைவரிசையைக் காட்டியிருக்கான். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதிரிக்காக எடுத்த சின்னக் குப்பி என் பையில் இருந்தது. மூக்கு இல்லாதவளுக்கும் ஒரு சோதனை பாக்கி உண்டு. நல்ல ரோஜா எண்ணெய் குளிரில் உறையும். குப்பியை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்க்குள் மெல்லிய ஊசிகளாகப் பளபளவென்று படிகங்கள் மிதந்தன. உள்ளங்கையில் பொத்தினேன். மூடிய கை திறப்பதற்குள் கரைந்து தெளிந்துவிட்டது. மெழுகு கலந்திருந்தால் வெள்ளையாகக் கட்டிதட்டி அடியில் நிற்கும், இப்படிச் சட்டென்று இளகாது. இந்தச் சோதனை ஒன்றே முழுத் தீர்ப்பாகாது. ஆனால் அந்த ஊசிகளைப் பார்த்த பிறகு என் மனசு ஒப்பவில்லை. அந்த மச்சினன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. என்னால் அவன் அடிவாங்கிக்கொண்டிருப்பான்.

மாடிப்படியில் தடதடவென்று ஏறினேன். தங்கச்சி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி செஞ்சு வச்சிருக்கே? முத்து மாதிரி எண்ணெயைப் போய்க் குப்பைன்னுட்டியே! மோந்து பாரு, மறுபடியும் மோந்து பாரு!" என்று குப்பியைத் திறந்து நீட்டினேன்.

"மூடு அக்கா! மூடு!"

சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். ரோஜா பாட்டில் அதன் இடத்தில் இல்லை. வெளிப்பக்க ஜன்னல் விளிம்பில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே இன்னொரு பை போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

குப்பியை மூடினேன். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை நான் அவளிடம் கேட்டேன்.

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

தலையை ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "எல்லாமே நாறுது அக்கா. டீ நாறுது, சோறு நாறுது, அவரு சட்டை நாறுது. எது நல்லது எது கெட்டதுன்னே எனக்குத் தெரியல. சும்மா குத்துமதிப்பாத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

இதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. இரண்டாவது போன பிறகு அவள் பல நாள் யாருடனும் பேசவில்லை. "போன தடவையெல்லாம் ஊரெல்லாம் சொல்லிட்டேன், அதான் போயிடுச்சு. இந்தத் தடவை வாயே திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவருக்குக்கூட இன்னும் சொல்லல" என்றாள்.

"ரோஜா ஆகாதுன்னு நீதானேடி ஊருக்கெல்லாம் சொல்வே? அப்புறம் எதுக்குடி வந்து மோந்தே? பைத்தியமாடி உனக்கு?"

"ரொம்ப இழுக்கல அக்கா. மூச்சை அடக்கிக்கிட்டுக் கொஞ்சூண்டுதான்..." மூக்கை உறிஞ்சினாள். "நான் வரலன்னா உன் வேலை போயிடுமே."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். இந்த மூன்றாவது பிள்ளையை என் உலைக்காகப் பணயம் வைத்திருக்கிறாள், நான் மழையில் நனையாதே என்று அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலாளி பாட்டில் மூடிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கப்புறம் சுத்தமா போயிடுச்சு. முதல்ல அந்த எண்ணெய்க்காரருக்குப் போன் போடுங்க, அவர் மச்சினன்மேல தப்பில்லன்னு சொல்லுங்க. எண்ணெய் நல்ல எண்ணெய். அப்புறம் என்னை எவ்வளவு வேணா திட்டுங்க."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இவ்வளவு நாளா..." என்று என் மூக்கையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார். எண்ணெய்க்காரர் என்ன சொன்னாரோ, முதலாளி நெடுநேரம் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேன் திரும்பி வந்தது. வேறொரு கலவைக்காரரை வரவழைத்து மோந்து எடுத்துக்கொண்டார்கள். மச்சினனை அதற்குள் இரண்டு அறை விட்டிருந்தாராம். அந்த இரண்டும் எனக்குச் சேர வேண்டியவை.

முதலாளி என்னை வெளியே தள்ளவில்லை. பாட்டில் மூடும் மேசைக்கு மாற்றினார். பின்னறையில் இப்போது அந்தப் புது ஆள் உட்கார்ந்திருக்கிறான். மூக்கைச் சிந்திவிட்டு அதே கைக்குட்டையால் கீற்றைத் துடைக்கிறான், தடியன். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் குறைந்தது. வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் தையல் வேலை பிடித்துக்கொண்டார். உலை எப்படியோ கொதித்தது.

தங்கச்சியை நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். காகிதத்தில் மோந்ததால் ஒன்றும் ஆகாது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அதற்குப் பிறகு போன் அடித்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும். அவள் பேர் திரையில் தெரிந்தால் எடுக்கவே கை வராது. எடுத்தால், "ஒண்ணுமில்ல அக்கா, சும்மாதான்" என்பாள். சும்மா கூப்பிடாதே என்று எரிந்து விழுவேன். மறுநாள் கூப்பிடாவிட்டால் அதற்கும் எரிந்து விழுவேன்.

பெண் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரி அறையில் ஆளாளுக்குக் கையில் வாங்கினார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் அந்தத் தலையில் மூக்கை வைத்து, "அப்பா, என்ன வாசம்!" என்றார்கள். அவள் புருஷன் மோந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரும் மோந்தார். கடைசியில் என் கைக்கு வந்தது. குனிந்து, அந்தப் பூனைமுடித் தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, உள்ளே இழுத்தேன். சூடு தெரிந்தது. மெத்தென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். கட்டிலில் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை மெல்லத் தூக்கி, தன் காது மடலைத் தொட்டாள்.